ஒதுங்க இடம்

போன சித்திரையில் என் பழைய மாணவி ஒருத்தி கலிபோர்னியாவிலிருந்து சில படங்கள் அனுப்பினாள். தோழிகள் இருவரோடு ஒரு காரில் கிளம்பி ஆறு நாள் சுற்றியிருக்கிறாள். டாஹோ என்கிற மலை ஏரி, யோசெமிட்டி தேசியப் பூங்கா, நாபா பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்கள். கடைசிப் படத்தில் மூவரும் ஒயின் கோப்பைகளோடு சிரிக்கிறார்கள். கீழே ஒரு வரி: “அம்மா, நீங்க எப்பப் போகப் போறீங்க?”

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நான் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தேன்.

எங்கள் முதலிபாளையத்திலிருந்து பல்லடம் வழியாக உடுமலை. அங்கிருந்து தெற்கே சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்தைக் கடந்தால் மறையூர், அப்புறம் மூணாறு. மூணாறுக்குப் பக்கத்தில் இரவிகுளம் தேசியப் பூங்காவும் மாட்டுப்பட்டி ஏரியும். பூப்பாறை, போடிமெட்டு வழியாக இறங்கினால் போடி. அதற்குத் தெற்கே கம்பம் பள்ளத்தாக்கு, பந்தல் பந்தலாகத் திராட்சை. திரும்பும்போது வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறி, பழனியில் இறங்கி, தாராபுரம் வழியாக வீடு. அவள் விமானம் ஏறிப் போய் வாழும் நாட்டில் பார்த்த மூன்றும் எனக்கு மூன்று மணி, ஆறு மணி நேரத் தொலைவில் கிடந்தன. எனக்கு நாற்பத்தேழு வயது. ஓட்டுநர் உரிமம் 2009இலிருந்து கையில் இருக்கிறது. இந்தப் பதினாறு வருடமும் என் வண்டி வீட்டிலிருந்து கல்லூரிக்கும் கல்லூரியிலிருந்து வீட்டுக்கும்தான் ஓடியிருக்கிறது.

மூணாறுக்குப் போக நினைப்பது இது முதல் முறை இல்லை. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். என் வயதை நான் அதை வைத்தே எண்ணலாம். 1994இல் எனக்குப் பதினாறு. பள்ளியில் கூட்டிப்போனார்கள். “கல்யாணமாகி உம் புருசனோட போய்ப் பாரு” என்றார் அப்பா. 2006இல் கணவர் நண்பர்களோடு போய்வந்தார். என் மடியில் ஐந்து மாதக் குழந்தை. 2018இல் கல்லூரித் தோழிகள் சேர்ந்து அறையெல்லாம் பதிந்து வைத்திருந்தோம். ஆகஸ்டில் கேரளம் முழுக்க வெள்ளம், மூணாறுச் சாலைகள் சரிந்துபோயின. குறிஞ்சித் திணையை வகுப்பில் நடத்துகிறவள் குறிஞ்சிப் பூவை நேரில் பார்த்ததில்லை என்று மாணவிகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். அடுத்த பூப்பு 2030. எனக்கு ஐம்பத்திரண்டு ஆகும், பரவாயில்லை. அம்மாவுக்கு எழுபத்தாறு ஆகிவிடும். பூவுக்காக இனிக் காத்திருப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அம்மாவைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கைமடிக்கச் சேர்ந்து, பிறகு செக்கிங்கில் இருபத்தாறு வருடம் நின்றவள். “எம்பட கை பட்ட பனியன் ஜெர்மனிக்குப் போச்சு, அமெரிக்காவுக்குப் போச்சு. நாம் பழனியத் தாண்டுனதில்ல” என்பாள். அதைக் குறையாகச் சொல்வதில்லை, கணக்காகச் சொல்வாள். 2021இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானதும் அவளாகவே கிளம்ப ஆரம்பித்தாள். ஒரு நாள் அவிநாசி, ஒரு நாள் ஊத்துக்குளி. “முன்ன பஸ்சுக்குக் காசு கேக்கோணும். எதுக்குன்னு கேப்பாங்க. இப்பக் காசும் வேண்டாம், எதுக்குன்னும் சொல்ல வேண்டாம்” என்றாள். பெண் விடுதலை குறித்து நான் எழுதிய கட்டுரைகள் எதிலும் இவ்வளவு சுருக்கமாக ஒரு வாக்கியம் இல்லை.

மலை ஏரி என்றதும் அவள் கேட்டது ஒன்றுதான்: “தண்ணி என்ன நெறத்துல இருக்கும்?” நொய்யல் கரையில் வேலை பார்த்தவளுக்கு அது நியாயமான கேள்வி. சாயக் கழிவால் ஆறு அன்றன்றைக்கு ஒரு நிறமாக ஓடியதைப் பார்த்தவள் அவள். 2011 சனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே வேலையில்லாமல் நின்றதையும் பார்த்தவள். ஏரி என்றால் அவளுக்கு அழகு இல்லை, நிறமில்லாத தண்ணீர்.

நாலு பேர் சேர்ந்தோம். அம்மா, நான், எங்கள் கல்லூரி இயற்பியல் துறைத் தோழி, பக்கத்து வீட்டு டைலர் அக்கா. தோழிக்கும் வண்டி ஓட்டத் தெரியும், ஆகவே மலையில் மாற்றி மாற்றி ஓட்டலாம். டைலர் அக்கா சிட்கோவில் ஒரு கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கிறார். தீபாவளிக்கு மட்டும் ஊருக்குப் போகிறவர்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கித் திட்டம் எழுத ஆரம்பித்தேன். முதல் பக்கத்தில் தங்குமிடம், இரண்டாம் பக்கத்தில் பார்க்க வேண்டியவை. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “வழியில ஒதுங்க எடமிருக்குதா அம்மிணி?” என்றாள்.

அதை நான் எழுதவே இல்லை.

அம்மா பயணத்தில் தண்ணீர் குடிக்க மாட்டாள். முந்தின இரவே நிறுத்திக்கொள்வாள். அது கம்பெனியில் பழகியது. செக்கிங் மேசையை விட்டு நகர்ந்தால் பீஸ் தேங்கும், பீஸ் தேங்கினால் சூப்பர்வைசர் கத்துவார், அத்தனை பேருக்கும் இருந்ததோ இரண்டே கழிப்பறை. ஆகவே காலையில் வீட்டில் ஒரு தம்ளர், இரவு வீட்டில் ஒரு தம்ளர். ஐம்பது வயதுக்குள் நீர்க்கடுப்பு நிரந்தரமாகிவிட்டது. இது அவள் கதை மட்டும் இல்லை. டைலர் அக்காவும் அப்படித்தான். மூன்று மணி நேரத் தேர்வறைக் கண்காணிப்பில் நிற்கும் நானும் ஏறக்குறைய அப்படித்தான். ஒதுங்குவது என்ற சொல்லைப் பாருங்கள். விலகிப் போவதற்கும் அதுதான் சொல், சிறுநீர் கழிப்பதற்கும் அதுதான் சொல். உடம்பின் தேவைக்கு ஊர் நமக்குக் கொடுத்த சொல்லே ஓரமாகப் போகச் சொல்கிறது.

இரண்டு பக்கங்களையும் கிழித்தேன். புதிதாக முதல் பக்கத்தில் ஒதுங்கும் இடங்களை எழுதத் தொடங்கினேன். பெட்ரோல் பங்குகளில் கழிப்பறை இலவசமாகத் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் சாவி யாரிடம் இருக்கும், உள்ளே தாழ்ப்பாள் உண்டா என்பதெல்லாம் விதியில் இல்லை. ஒன்பதாறு சோதனைச் சாவடி தாண்டிக் காட்டுக்குள் நுழைந்துவிட்டால் யானை நடமாடும் சாலை, வண்டியை நிறுத்தக் கூடாது. எனவே உடுமலைக்கும் ஒன்பதாறுக்கும் நடுவில் ஓரிடம் கட்டாயம் வேண்டும். மறையூரில் ஓரிடம். இரவிகுளத்தில் நம் வண்டி உள்ளே போகாது, வனத்துறைப் பேருந்துக்கு வரிசையில் நிற்க வேண்டும், அதற்கு முன்னால் ஓரிடம். இப்படித் தாண்டித் தாண்டிப் போட்ட புள்ளிகள்தான் எங்கள் வரைபடம் ஆயின. ஏரிகள் அந்தப் புள்ளிகளுக்கு நடுவே வந்தன.

என் முனைவர் பட்ட ஆய்வு ஆற்றுப்படை இலக்கியம். பரிசு பெற்று வருகிறவர் எதிரே வருகிறவருக்கு வழி சொல்வதுதான் ஆற்றுப்படை. மலைபடுகடாம் 583 அடிகள், அதில் பாதி மலைவழியின் எச்சரிக்கைகள். பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு கிடக்கும் குழி எங்கே, புனம் காப்பவர் எறியும் கவண்கல் எங்கிருந்து வரும், எந்தப் பாறை வழுக்கும் எல்லாம் இருக்கும். கூத்தரோடு விறலியரும் அந்த வழியில் நடக்கிறார்கள். நடந்து சிவந்த அவர்களுடைய பாதங்களுக்கு, இளைத்த நாயின் நாக்கைப் புலவர்கள் உவமை சொன்னார்கள். எத்தனையோ முறை இதை நடத்தியிருக்கிறேன். அந்தப் பெண்கள் எங்கே ஒதுங்கினார்கள் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. இவ்வளவு நுணுக்கமாக வழி சொன்னவர்களில் ஒருவரும் அதைச் சொன்னதாக என் கண்ணில் படவில்லை. ஏழாம் வகுப்போடு நின்ற என் அம்மா ஒரு கேள்வியில் என் ஆய்வேட்டின் ஓட்டையைக் காட்டிவிட்டாள்.

நாள் குறிப்பதுதான் அடுத்த சிக்கல். டைலர் அக்காவுக்குச் சேர்ந்தாற்போல் விடுமுறை தீபாவளிக்குத்தான். அப்போது வடகிழக்குப் பருவமழை, போடிமெட்டில் மண் சரியும். பிப்ரவரி, மார்ச்சில் வரையாடுகள் குட்டி போடும் காலம், இரவிகுளத்தை மூடிவிடுவார்கள். ஒரு தாய் ஆட்டுக்குத் தொந்தரவு கூடாது என்று ஒரு பூங்காவையே மூடுவது எனக்குப் பிடித்திருந்தது. டைலர் அக்கா, “நமக்கு அறுபது நாள்ல கம்பெனில இருந்து ஆள் விட்டாங்க” என்றார். ஏப்ரல், மே எனக்கும் தோழிக்கும் தேர்வுப் பணி.

எஞ்சியது பொங்கல். பொங்கலன்று எந்தப் பெண்ணாலும் அடுப்பை விட்டு வர முடியாது. ஆனால் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கொங்கு நாட்டில் பூப்பறிக்கும் நோம்பி. பெண்களும் பிள்ளைகளும் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு ஆவாரம்பூ பறிக்கப் போவார்கள், பாடுவார்கள், கும்மி அடிப்பார்கள். வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் எங்கே போகிறாய் என்று யாரும் கேட்டதில்லை. அம்மாதான் சொன்னாள்: “நோம்பிக்குப் போறம்னு போலாம். கொஞ்சம் தூரமாப் போறம், அவ்வளவுதான்.” சனவரி 17 காலை ஐந்தரை என்று நோட்டில் எழுதினேன்.

பணத்துக்குச் சீட்டுப் போட்டோம். திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை, ஆகவே சீட்டும் சனிக்கிழமை. வாரம் ஆளுக்கு முந்நூறு ரூபாய் என் அலமாரிக்கு வரும். பயணச்சீட்டு என்ற சொல் எங்களுக்கு இப்படி இன்னொரு பொருள் பெற்றது. அறை, பெட்ரோல், சாப்பாடு என்று செலவுகளை எழுதிக்கொண்டு வரும்போது தோழி ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னாள். பயணத்தில் டைலர் அக்கா இழக்கும் மூன்று நாள் சம்பளம். எனக்கும் தோழிக்கும் விடுப்பு எடுத்தால் சம்பளம் குறையாது. அவர் மட்டும் ஏன் இரண்டு முறை பணம் கட்ட வேண்டும்? அக்கா வேண்டவே வேண்டாம் என்றார். எழுதினோம். அப்படி எழுதாமல் நாலு பேரும் சமம் என்று சொல்லிக்கொண்டு போயிருந்தால், ஒருவர் செலவில் மற்ற மூவர் சமத்துவம் கொண்டாடியிருப்போம்.

கணவர் நல்லவர். அதுதான் கஷ்டம். தடுக்கிறவராக இருந்தால் சண்டை போடலாம். அவர், “மலை ரோடு. நானும் வர்றன், ஓட்டிட்டு வர்றன். நீங்க நாலு பேரும் நிம்மதியா வேடிக்கை பாத்துட்டு வாங்க” என்றார். கேட்க இதமாகத்தான் இருந்தது. அம்மாவும் அவர் முன்னால், “மாப்பிள்ளை வந்தா நல்லதுதானுங்களே” என்றாள். எனக்கும் ஒரு நிமிடம் சரி என்று வாயில் வந்துவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளை நினைத்தால் எனக்கும் பயம் உண்டு.

அன்று இரவு விளக்கணைத்த பிறகு அம்மா மெல்லச் சொன்னாள். “மாப்பிள்ளை ஓட்டுனா வண்டிய நிறுத்துங்கன்னு நா எப்படிக் கேப்பேன்?”

மறுநாள் அதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “நாந்தான் கேட்டு நிறுத்துவனே” என்றார். நீங்கள் கேட்பதுதானுங்க கூச்சம் என்றேன். பிறகு அவர் வண்டியின் டயரைப் பார்க்கப் போய்விட்டார். கோபமா புரிதலா தெரியவில்லை. நான்கு டயரிலும் காற்றுச் சரிபார்த்துவிட்டு வந்து, “மலை எறங்கறப்ப பிரேக்கையே மிதிச்சுட்டு வராத. ரெண்டாங் கியர்லயே வா” என்றார். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

உறவுக்காரர்கள் சொன்னது வேறு. “நாலு பொம்பளைங்க, அதும் மலையில.” இதற்குப் பதில் போடிமெட்டுச் சாலையிலேயே இருக்கிறது. போடியிலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு அன்றாடம் விடியலில் ஜீப்புகள் ஏறுகின்றன. ஒவ்வொன்றிலும் நெருக்கி அடைத்துக்கொண்டு பெண்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் காலையில் ஏறி மாலையில் இறங்குகிறார்கள். கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அந்தச் சாலை ஆபத்து என்று யாரும் வீட்டில் நிறுத்திவைப்பதில்லை. எங்கள் சிட்கோ வேன்களில் இரவு பத்து மணிக்கு இறங்கும் பெண்களையும் அப்படித்தான். பாதுகாப்பு என்பது நாம் வேடிக்கை பார்க்கக் கிளம்பும்போது மட்டும் நினைவுக்கு வருகிற ஒரு சொல்.

மூணாறில் நின்று பார்க்க டைலர் அக்கா ஓரிடம் கேட்டார். ஏரி இல்லை, பூங்கா இல்லை, கடைத்தெருச் சாலை. 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், தலித் பெண்கள். நாள் கூலி 232 ரூபாய். அதை 500 ஆக்க வேண்டும், 20 சதவீத போனஸ் வேண்டும் என்று கேட்டார்கள். தங்களுக்காகப் பேசுவதாகச் சொன்ன சங்கத் தலைவர்களைக் கிட்டே சேர்க்கவில்லை. ஒன்பது நாளில் போனஸை வாங்கினார்கள். பெம்பிளை ஒருமை என்று அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அக்காவுக்கு மனப்பாடம். “அவங்க உக்காந்த எடத்துல ஒரு டீ குடிக்கோணும்” என்றார். நோட்டில் ‘டீ’ என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

திராட்சைத் தோட்டத்துக்குத்தான் கொஞ்சம் தயக்கம். ஒயின் என்றாலே எங்கள் ஊரில் நினைவுக்கு வருவது ஒயின் ஷாப். அங்கே ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கும் என்பது வேறு. சனிக்கிழமைச் சம்பளத்தில் பாதி அங்கே போய்விட, மீதியில் குடும்பம் நடத்தியவர் டைலர் அக்கா. மாணவியின் கோப்பைப் படத்தைக் காட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோழியோ, ஒரு வாய் குடித்துப் பார்க்கத்தான் ஆசை, ஐம்பது வயதில் அதற்குக்கூட யாரைக் கேட்க வேண்டும் என்றாள். இரண்டு பேர் சொன்னதும் நியாயம். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மற்ற இடங்களைப்போல ஒரு பருவத்துக்கு மட்டும் இல்லாமல் வருடம் முழுக்க அங்கே அறுவடை உண்டு. பந்தலடியில் கொத்து வெட்டுகிறவர்களையும் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிறவர்களையும் பார்க்கலாம் என்றேன். அக்கா உடனே திரும்பினார். “அதுவும் செக்கிங், பேக்கிங்தான? என்ன கூலின்னு கேக்கலாம்.” அம்மாவுக்குப் பழம் போதும். தோழியின் ஒரு வாயை அவள் பார்த்துக்கொள்வாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். அமராவதி அணை வரை போய்த் திரும்புவது என்று ஏற்பாடு. கிளம்பும்போது அம்மாவிடம் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். இருபத்தாறு வருடப் பழக்கம் நான் நீட்டிய ஒரு தம்ளரில் போய்விடாது. “நிறுத்துவியா?” என்றாள். எங்கே சொன்னாலும் நிறுத்துவேன் என்றேன். அண்ணாந்து குடித்தாள், முழுவதையும்.

பல்லடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. உடுமலை பேருந்து நிலையம் தாண்டினோம். கண்ணாடியில் பார்த்தேன். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நானாகக் கேட்டுவிடலாமா என்று நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. தோழியும் ஏதோ பேச வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

“அம்மிணி, நிறுத்து.”

எழுபத்தொரு வயதில், என் காது கேட்க, அவள் ஒரு வண்டியை நிறுத்தச் சொன்னது அதுதான் முதல் தடவை. நிறுத்தினேன். டைலர் அக்காவும் கூடப் போனார். அவர்கள் திரும்பி வருவதற்குள் நோட்டை எடுத்து எழுதினேன். எங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் ஆகும்.

உடுமலைக்குத் தெற்கே, மூணாறு சாலை, இடப்பக்கம், பெட்ரோல் பங்க். சாவி கேட்க வேண்டியதில்லை. தண்ணீர் வருகிறது. தாழ்ப்பாள் இருக்கிறது.